சாவி திருப்பியும் சத்தமே இல்லையா? வாங்க, டேஷ்போர்டுக்கு அடியில்!

ஸ்டியரிங்குக்குக் கீழே, பெடல்களுக்கு மேலே, ஒரு முழங்கை ஆழத்துக்கு ஓர் இருட்டு முடுக்கு இருக்கிறதே, ஒரு காரில் அதைவிடச் சுவாரசியமான இடம் கிடையாது! சீட் கவருக்கும் மியூசிக் சிஸ்டத்துக்கும் ஆசை ஆசையாகச் செலவு செய்கிறவர்கள்கூட அங்கே ஒருமுறை எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். கோவையில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரின் பட்டறையில் எனக்கு அந்த வாய்ப்பு கிடைத்தது. டிரைவர் சீட்டை முழுசாகப் பின்னால் தள்ளி, காலைக் கதவுக்கு வெளியே நீட்டி, மல்லாக்கப் படுத்து, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு அவர் உள்ளே போவார். பக்கத்து சீட்டிலிருந்து குனிந்து பார்க்க எனக்கு அனுமதி. ஒரே ஒரு நிபந்தனைதான்: "மஞ்சக் கலர் கனெக்டர் எதையும் தொட்றாதீங்க. அது ஏர்பேக் லைனுங்."

நான் பார்க்கப் போனது இரண்டு சுவிட்சுகளை. ஒன்று, கியர் மாற்றி ஓட்டும் கார்களில் பெடலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கிளட்ச் சுவிட்ச். கட்டைவிரல் அளவுதான். இன்னொன்று, ஆட்டோமேட்டிக் கார்களில் கியர்பாக்ஸின் மேலேயே உட்கார்ந்திருக்கும் நியூட்ரல் சேஃப்டி சுவிட்ச். அதுவும் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இந்தப் பொடியன்கள் 'சரி' சொல்லாவிட்டால் பத்து லட்ச ரூபாய் கார் அசையாது! பேட்டரி புதுசாக இருக்கும், டேங்க் நிறைய பெட்ரோல் இருக்கும், எஞ்சினில் ஒரு குறையும் இருக்காது. சாவியைத் திருப்பினால் மட்டும் மூச்சுப் பேச்சு இருக்காது. அந்த மௌனத்துக்குப் பயந்து நல்ல செல்ஃப் மோட்டாரைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குகிறவர்களை நினைத்தால் எனக்கு மனசு பதைக்கிறது.

சாவி திருப்பும் அந்த ஒற்றை நொடியை ஸ்லோமோஷனில் ஓட்டிப் பார்ப்போமா? செல்ஃப் மோட்டார் பயங்கரப் பசிக்காரன். சாதாரண பெட்ரோல் காரிலேயே எஞ்சினைச் சுற்றிவிட 100 முதல் 200 ஆம்பியர் வரை இழுக்கும். டீசல் என்றால் இன்னும் அதிகம். இவ்வளவு மின்சாரத்தைச் சாவிக்குள் விட்டால் சாவி உருகிவிடும். அதனால் சாவி வழியாகப் போவது ஒரு சின்னத் தூது மட்டும். பேட்டரியிலிருந்து சாவி சுவிட்ச், அங்கிருந்து கிளட்ச் சுவிட்ச், அங்கிருந்து ஸ்டார்ட்டர் ரிலேயின் காயில். ரிலேக்குக் கால் ஆம்பியர்கூட வேண்டாம், 'டிக்' என்று கண் விழித்துவிடும். அது விழித்ததும் செல்ஃப் மோட்டாரின் முதுகில் இருக்கும் சாலினாய்டுக்குக் கொஞ்சம் பெரிய ஓட்டம் போகும். அந்த ஒயர் போய்ச் சேரும் முனைக்குப் பெயர் 50. டின் 72552 என்ற ஜெர்மானியத் தரநிலை கொடுத்த எண் அது. அந்தத் தரநிலை தெரிந்த எந்த எலக்ட்ரீஷியனைக் கேட்டாலும் 50 என்றால் புரியும். சாலினாய்டு 'டக்' என்று ஒரு பல்சக்கரத்தை ஃப்ளைவீல் மேல் தள்ளி, அதே வேகத்தில் பேட்டரியின் தடித்த கேபிளை மோட்டாரோடு சேர்த்துவிடும். எஞ்சின் சுற்றும். இத்தனையும் நீங்கள் கண் சிமிட்டுவதற்குள்!

இந்தச் சங்கிலியில் கிளட்ச் சுவிட்ச் செய்யும் வேலை என்ன? டவுன் பஸ்ஸில் டிரைவர் கையில்தான் ஸ்டியரிங் இருக்கிறது, ஆனாலும் கண்டக்டரின் டபுள் விசில் கேட்காமல் பஸ் நகராது அல்லவா, அந்த விசில்தான் இது. விசில் வரவில்லை என்றால் எஞ்சினைப் பிரித்து என்ன பயன்?

நான் போயிருந்த அன்று ஒரு ஹேட்ச்பேக்கைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வண்டி.

"ஏனுங் சார், நேத்து நல்லா இருந்துச்சுங்ளா?"

"நேத்து ராத்திரி நான்தாம்பா ஓட்டிட்டு வந்து நிறுத்துனேன். காலைல திருப்புனா ஒண்ணுமே இல்ல. செல்ஃப் மோட்டார் போயிருச்சு, மாத்தணும்னு பக்கத்துல ஒருத்தர் சொன்னாரு."

எலக்ட்ரீஷியன் பானட்டைத் திறக்கவே இல்லை! ஹெட்லைட்டைப் போடச் சொன்னார், எதிர்ச் சுவரில் விழுந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே சாவியைத் திருப்பச் சொன்னார். வெளிச்சம் அப்படியே நின்றது, மங்கவே இல்லை. இந்த ஒரு சோதனையில் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது, ஏனென்றால் இதற்குக் காசு வேண்டாம், கருவி வேண்டாம், யார் வேண்டுமானாலும் வீட்டு வாசலிலேயே செய்யலாம். சாவி திருப்பும்போது லைட் மங்கி அணைகிற மாதிரிப் போய் 'டக்கு டக்கு டக்கு' என்று சத்தம் வந்தால் பேட்டரி டவுன், அல்லது டெர்மினலில் பூத்த உப்பு. லைட் மங்கி, 'டக்' என்று ஒரே ஒரு கனத்த சத்தம் வந்து நின்றால் செல்ஃப் மோட்டார் மேல் சந்தேகப்படலாம். லைட் கொஞ்சமும் மங்காமல், சத்தமும் இல்லாமல் இருந்தால்? மோட்டார் இன்னும் சாப்பிடவே ஆரம்பிக்கவில்லை என்று அர்த்தம். இழுக்காத மோட்டாரைக் குறை சொல்ல முடியாது. எங்கேயோ வழியில் தூது நின்றுபோயிருக்கிறது.

அடுத்து ரிலே. ஃப்யூஸ் பாக்ஸில் ஸ்டார்ட்டர் ரிலே மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டு மறுபடி திருப்பச் சொன்னார். ரிலே துடிக்கிறதா என்று விரலே சொல்லிவிடும். துடிக்கவில்லை. அதைப் பிடுங்கி, பல கார்களில் அதே மாதிரியே இருக்கும் ஹாரன் ரிலேயை அந்த இடத்தில் செருகினார். ஸ்டார்ட்டர் ரிலேயை ஹாரன் பக்கம் போட்டார். ஹாரன் அலறியது, ஆக ரிலே சுத்தம்! வண்டி மட்டும் அப்படியே. இந்த இடத்தை அவர் 'நடுவழி' என்கிறார். ரிலே துடித்திருந்தால் சாவியும் கிளட்ச் சுவிட்சும் தங்கள் வேலையைச் செய்துவிட்டன, கோளாறு ரிலேக்கு அப்புறம் என்று பாதி வண்டியை மனசிலிருந்து தள்ளிவிடலாம். துடிக்காவிட்டால் கோளாறு ரிலேக்கு முன்னால். ஒரு விரலை வைத்துப் பாதிக் காரைக் கணக்கிலிருந்து கழித்துவிடுகிறார், எப்பேர்ப்பட்ட சிக்கனம் பாருங்கள்!

இப்போதுதான் டார்ச் பல்லுக்குப் போனது. அவரும் முடுக்குக்குள் போனார். கிளட்ச் சுவிட்சுக்கு வரும் ஒயரில் டெஸ்ட் லாம்ப் முனையை வைத்தார். ஆசிரியர் கிளட்ச்சை முழுசாக மிதித்துக்கொண்டு சாவியைத் திருப்பினார். லாம்ப் எரிந்தது: சாவி நல்ல சாவி. சுவிட்சிலிருந்து வெளியே போகும் ஒயரில் வைத்தார். எரியவில்லை. கண்டுபிடித்துவிட்டார் என்று நான் துள்ளிக் குதிப்பதற்குள், உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். டார்ச் வெளிச்சம் மேலேயிருந்து இறங்கி ஃப்ளோர் மேட் மீது விழுந்தது. அங்கே நான்கைந்து பிளாஸ்டிக் துணுக்குகள்.

"சார், இதைப் பாத்தீங்ளா?"

"அது பேத்தி தின்னு போட்ட மிட்டாய்த் தாள்னு நெனச்சேம்பா!"

மிட்டாய்த் தாள் இல்லை. கிளட்ச் பெடலின் இரும்புக் கையில் ஒரு ஓட்டை இருக்கும். அந்த ஓட்டையை அடைத்தபடி ஒரு சின்ன பிளாஸ்டிக் பொத்தான் மாட்டியிருக்கும். பெடலை மிதிக்கும்போது அந்தப் பொத்தான்தான் போய் சுவிட்சின் முனையை அமுக்கும். வருஷக்கணக்கில் வெயிலில் நின்ற காருக்குள் வெந்து, காய்ந்து, மொறுமொறுத்து, ஒருநாள் அந்தப் பொத்தான் உடைந்து கொட்டிவிடுகிறது. அப்புறம் பெடலை எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் சுவிட்சின் முனை ஓட்டைக்குள் புகுந்து மறுபக்கம் வந்துவிடும். அமுக்குவதற்கு ஆளே இல்லை! ஹோண்டா உட்படப் பல கம்பெனிகளின் கார்களில் இந்தப் பொத்தான் உண்டு. பிரேக் பெடலிலும் உண்டு. அங்கே உடைந்தால் பிரேக் லைட் அணையாமல் ராத்திரி முழுக்க எரிந்து பேட்டரியைக் குடித்துவிடும்.

கியர் நியூட்ரலில் இருப்பதை ஆட்டிப் பார்த்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, எலக்ட்ரீஷியன் சுவிட்சின் முனையை விரல் நுனியால் அமுக்கிக்கொண்டு, "இப்பத் திருப்புங் சார்" என்றார். எஞ்சின் ஒரே உறுமலில் எழுந்தது! ஆசிரியரின் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்து நான் கை தட்டியே விட்டேன். புதுப் பொத்தான் நூறு ரூபாய்க்குள்தான். பழைய துணுக்குகளை அவர் பேத்திக்குக் காட்டுவதற்காகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அந்த முடுக்குக்குள் அப்புறம் நானும் தலையை விட்டுப் பார்த்தேன். பெடலுக்கு ஒரு சுவிட்ச் இருக்கும் என்று போனால், அங்கே இரண்டு! பெடல் தரையைத் தொடும்போது அமுங்குவது ஸ்டார்ட்டுக்கு. பெடல் மேலே ஓய்வாக இருக்கும்போதே அமுங்கி, காலை வைத்த மாத்திரத்தில் விடுபடுவது இன்னொன்று. க்ரூஸ் கன்ட்ரோல் உள்ள கார்களில் கிளட்ச்சைத் தொட்டதும் க்ரூஸ் விலகுவது இந்த மேல் சுவிட்ச் சொல்லித்தான். சிக்னலில் தானாக அணைந்து, கிளட்ச்சை மிதித்ததும் தானாக எழும் ஐடில் ஸ்டார்ட்-ஸ்டாப் கார்கள் கிளட்ச் சுவிட்சோடு நியூட்ரலில் இருக்கிறதா என்று சொல்லும் சுவிட்சையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டுதான் இயங்குகின்றன. அதனால் 'சிக்னல்ல ஆஃப் ஆகறதே இல்லீங்க' என்று வரும் புகாருக்கும், 'க்ரூஸ் செட் ஆகல' என்ற புகாருக்கும் வேர் இந்த முடுக்கிலேயே இருக்கலாம்.

புதுக் கார்களில் இந்த சுவிட்ச் நேராக ரிலேக்குப் போகாது; கம்ப்யூட்டருக்குப் போய் அது ரிலேயை எழுப்பும். அங்கே டெஸ்ட் லாம்பைத் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது, ஸ்கேனர் போட வேண்டும். லைவ் டேட்டாவில் கிளட்ச் சுவிட்ச் என்ற வரியைத் திறந்து வைத்துக்கொண்டு பெடலை மெல்ல மெல்ல மிதித்துப் பார்ப்பதில் ஒரு தனி சுகம் இருக்கிறது. பாதி வழியில் ஒன்றும் இல்லை, முக்கால் வழியில் ஒன்றும் இல்லை, கடைசி அங்குலத்தில் 'ஆஃப்' மாறி 'ஆன்' என்று மின்னும்! மாறவே இல்லையென்றால் பி0704 என்ற கோடும் பெரும்பாலும் பதிவாகியிருக்கும்: கிளட்ச் சுவிட்ச் சர்க்யூட் கோளாறு. பட்டனை அமுக்கி ஸ்டார்ட் செய்யும் கார்களில் நீங்கள் முழுசாக மிதித்த பிறகும் 'கிளட்ச்சை மிதிக்கவும்' என்ற செய்தி மீட்டரை விட்டுப் போகாமல் அடம் பிடித்தால், கார் தன் நோயைத் தானே வாயைத் திறந்து சொல்கிறது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, இதை நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். தடித்த 7டி மேட்டைப் போட்டு, அதன்மேல் இன்னொரு ரப்பர் மேட்டையும் போட்டு வைத்திருக்கிறீர்களா? அந்தக் கடைசி அங்குலம் அங்கேயே போய்விட்டது. பெடல் தரைவரை போகாது, சுவிட்ச் அமுங்காது. மேட்டை இழுத்துப் போட்டதும் ஸ்டார்ட் ஆன கார்கள் உண்டு.

இந்த சுவிட்சைப் பற்றி எனக்கு மிகவும் ஆச்சரியம் தந்தது எது தெரியுமா? அதற்குக் கிளட்ச்சைத் தெரியாது! பெடலை மட்டும்தான் தெரியும். பெடல் கீழே போனால் கிளட்ச் விலகியிருக்கும் என்று நம்பி 'சரி' சொல்லிவிடும். ஹைட்ராலிக் கிளட்ச்சில் மாஸ்டர் சிலிண்டர் கசிந்து, பெடல் வெண்ணெயில் இறங்கியதுபோல் தரைக்குப் போனாலும் சுவிட்சுக்கு அது நல்ல மிதிதான். உள்ளே கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். அப்போது முதல் கியரில் வைத்துத் திருப்பினால் கார் எட்டிப் பாயும். ஆகையால், சுவிட்ச் இருக்கிறதே என்று இருக்காமல் கியர் லிவரை ஒரு ஆட்டு ஆட்டிப் பார்க்கும் நம் ஊர் டிரைவர்களின் பழக்கம் தங்கமான பழக்கம்.

கிளட்ச் முழுசாக விலகுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எஞ்சின் ஓட, நியூட்ரலில், கிளட்ச்சை மிதித்து சில விநாடி பொறுத்து, ரிவர்ஸ் போடுங்கள். பல கார்களில் முன் கியர்களைச் சத்தமின்றிச் சேர்த்துவைக்கும் சிங்க்ரோமெஷ் ரிவர்ஸுக்கு இருக்காது. அதனால் பிளேட் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தால் ரிவர்ஸ் 'கர்ர்ர்' என்று காட்டிக் கொடுத்துவிடும். காட்டிக் கொடுத்தால் கிளட்ச் ஆயில் மட்டத்தையும், காலுக்கு மேலே பெடல் ராடு ஓரம் ஈரம் இருக்கிறதா என்பதையும், கேபிள் வைத்த வண்டி என்றால் கேபிள் தொய்வையும் பாருங்கள். நேர்மாறான நோய், நழுவுவது. காலியான சாலையில் டாப் கியரில் போய்க்கொண்டே ஆக்ஸிலரேட்டரை நன்றாக மிதித்தால் ஆர்பிஎம் முள் குதித்து ஏறும், வண்டி வேகம் ஏறாது. கூடவே ஒரு கருகல் நாற்றம். சத்தத்தை வைத்தே சொல்கிற மாதிரியான நோயும் உண்டு: காலை வைத்தால் வரும் கீச்சொலி ரிலீஸ் பேரிங், காலை எடுத்தால் வருவது கியர்பாக்ஸ் பேரிங். இதையெல்லாம் எலக்ட்ரீஷியன் செய்ய மாட்டார். கேட்டுத் தெரிந்துகொண்டு, எதிர்ப் பட்டறை மெக்கானிக்கைக் கூப்பிட்டு, "தம்பி, இது உன்ற கேஸு" என்று அனுப்பிவிடுவார். தன் கேஸ் இல்லாததைத் தொடாத அந்த நேர்மைக்காகவே அவர் பட்டறையில் எப்போதும் வண்டி நிற்கிறது.

ஆட்டோமேட்டிக் பக்கம் வருவோம், இங்கே வேடிக்கை இன்னும் அதிகம்! இங்கே மிதிக்க கிளட்ச் பெடலே இல்லை. லிவர் எங்கே இருக்கிறது என்பதைத்தான் நியூட்ரல் சேஃப்டி சுவிட்ச் என்ற காவல்காரன் கேட்பான். பி (பார்க்) அல்லது என் (நியூட்ரல்) என்றால் வழி விடுவான். டி (டிரைவ்), ஆர் (ரிவர்ஸ்) என்றால் மூச். லிவரோடு சேர்ந்து சுற்றும் கியர்பாக்ஸ் தண்டில் இந்த சுவிட்ச் மாட்டியிருக்கும். அதே சுவிட்சுதான் பெரும்பாலும் ரிவர்ஸ் லைட்டையும் எரியவிடும், மீட்டரில் பி, ஆர், என், டி என்று காட்டுவதற்கும் தகவல் கொடுக்கும். ஒரே ஆள் மூன்று வேலை பார்ப்பதால்தான் துப்பறிவது இவ்வளவு சுகமாக இருக்கிறது. பி-யில் ஸ்டார்ட் ஆகவில்லையா? பிரேக்கை மிதித்து என்-னுக்குத் தள்ளித் திருப்பிப் பாருங்கள். என்-னில் எடுத்துவிட்டால் செல்ஃப், பேட்டரி, சாவி, ரிலே எல்லாம் ஒரே நொடியில் விடுதலை! சுவிட்ச் தேய்ந்திருக்கிறது, அல்லது இடம் நகர்ந்திருக்கிறது. ரிவர்ஸ் போட்டால் பின் லைட் எரியவில்லை, மீட்டரில் எழுத்து வரவில்லை என்றால் சந்தேகம் உறுதி. ஸ்கேனரில் பி0705 அல்லது பி0706 நின்றால் கையெழுத்துப் போட்ட வாக்குமூலம் மாதிரிதான். ஆனால் கோடு சொல்வது சர்க்யூட்டை. சுவிட்சை வாங்குவதற்கு முன் கனெக்டரைக் கழற்றி மழைத்தண்ணீர், பச்சை பூத்த பின், கியர் ஆயில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

இடம் நகர்ந்த சுவிட்சைத் திரும்ப உட்கார வைப்பதை நான் குழிக்குள் இறங்கிப் பார்த்தேன். லிவரை என்-னில் வைத்தார்கள். இரண்டு போல்ட்டைத் தளர்த்தினார்கள். சுவிட்சின் முகத்தில் ஒரு கோடு, தண்டின் வாஷரில் ஒரு வெட்டு. டொயோட்டா உள்ளிட்ட பல கார்களில் இந்த அடையாளம் உண்டு. சுவிட்சை ஒரு நூலளவு திருப்பி, கோடும் வெட்டும் நேருக்கு நேர் வந்ததும் போல்ட்டை இறுக்கினார்கள். ஒரு நூலளவுதான் வித்தியாசம்! அதற்காக அந்த வண்டி வேலைக்குப் போகாமல் வீட்டில் நின்றிருந்தது.

ஏஎம்டி கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சேதி. 2014-இல் மாருதி செலிரியோவில் வந்து நம் ஊரில் பரவிய இந்த வகையில் உள்ளே இருப்பது சாதாரண கிளட்ச்சும் கியர்பாக்ஸும்தான். மிதிப்பதையும் மாற்றுவதையும் இயந்திரம் செய்கிறது. மாருதி ஏஜிஎஸ் என்று அழைக்கும் இந்த ஏஎம்டியின் லிவரில் பி கிடையாது. பிரேக்கை மிதித்து, என்-னில் வைத்தால்தான் ஸ்டார்ட். அதனால் அங்கே முதல் சந்தேகம் பிரேக் சுவிட்ச் மேல் போக வேண்டும். பின்னால் ஒருவரை நிற்கவைத்து, பிரேக் லைட் எரிகிறதா என்று கேட்டாலே பாதி விடை வந்துவிடும்.

இனி நான் சொல்லப் போவதைக் கொஞ்சம் நிறுத்திப் படிக்க வேண்டுகிறேன். சுவிட்ச் கெட்டுவிட்டால் இரண்டு ஒயரையும் முறுக்கி, டேப் சுற்றி, 'டைரக்ட் பண்ணி விட்டாச்சு' என்று அனுப்பும் வழக்கம் இருக்கிறது. சோதனைக்காக ஒரு நிமிஷம் டைரக்ட் கொடுத்துப் பார்ப்பது வேறு. நியூட்ரல், ஹேண்ட்பிரேக், டயருக்குக் கட்டை எல்லாம் வைத்து, ஸ்டார்ட் ஆனதா என்று பார்த்ததும் ஒயரை எடுத்துவிட வேண்டும். நிரந்தரமாக முறுக்கிவிட்டால் நடப்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் கியரில் ஒரு சின்ன காரின் மொத்தக் குறைப்பு விகிதம் ஏறக்குறைய 14. ஐடிலில் எஞ்சின் 800 சுற்று என்றால் சக்கரம் நிமிஷத்துக்கு 57 சுற்று. சக்கரத்தின் சுற்றளவு 1.8 மீட்டர் என்று வைத்தால், ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலேயே கார் மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். விநாடிக்கு 1.7 மீட்டர். காருக்கும் போர்டிகோ சுவருக்கும் இடையே ஒரு குழந்தை நின்றிருந்தால், காலைத் தூக்கி பிரேக்கில் வைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். இதற்காகத்தான் அமெரிக்காவில் 1968 ஜனவரி முதல் தேதியிலிருந்து ஆட்டோமேட்டிக் கார்கள் ஓடும் கியரில் ஸ்டார்ட் ஆகவே கூடாது என்று 102-ஆம் எண் பாதுகாப்பு விதி நடைமுறைக்கு வந்தது. கொஞ்சம் பின்னோக்கிப் போனால், 1912-இல் சார்லஸ் கெட்டரிங்கின் மின் ஸ்டார்ட்டர் கேடிலாக் காரில் வந்தபோது, கைப்பிடியைச் சுற்றி மணிக்கட்டை முறித்துக்கொள்ளும் ஆபத்து ஒழியத் தொடங்கியது. நம் அம்பாசடர்களின் டிக்கியில்கூட அந்த இரும்புக் கைப்பிடி பல காலம் கிடந்தது. சுற்றுகிறவர் காருக்கு வெளியே நின்று வேர்த்த காலத்தில் கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று அவரே பார்த்துக்கொண்டார். உள்ளே உட்கார்ந்து விரலால் திருப்பும் வசதி வந்த பிறகு அந்த எச்சரிக்கையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் தேவைப்பட்டது. அந்த ஆளை வேலையை விட்டு நீக்காதீர்கள், தயவுசெய்து!

நியாயமான விதிவிலக்கும் உண்டு. டொயோட்டாவின் டகோமா போன்ற மலைப்பாதை வண்டிகள் சிலவற்றில் 'கிளட்ச் ஸ்டார்ட் கேன்சல்' என்று ஒரு பொத்தானே வைத்திருந்தார்கள். செங்குத்தான பாறையில் எஞ்சின் நின்றுவிட்டால் கிளட்ச்சை மிதித்த கணமே வண்டி பின்னால் உருளும். பொத்தானை அமுக்கிவிட்டுக் கியரிலேயே செல்ஃப் அடித்தால், செல்ஃப் மோட்டாரே வண்டியை மேலே இழுத்துக்கொண்டு எஞ்சினையும் எழுப்பும். எஞ்சினை அணைத்ததும் அந்தச் சலுகை தானாக ரத்து. அப்படி யோசித்து வைத்தவர்களை நேரில் பார்த்தால் கைகுலுக்க வேண்டும் போலிருக்கிறது.

சாயங்காலம் வந்த பழைய காரைத்தான் நான் மறக்கவே மாட்டேன். காலையில் எடுக்கும், மத்தியானம் எடுக்காது, ஆறினால் மறுபடி எடுக்கும் என்ற புகார். இந்த மாதிரிக் கோளாறுதான் எல்லாரையும் பைத்தியமாக்கும். ரிலே இல்லாத காலத்து வண்டி அது. சாலினாய்டுக்குப் போகும் மொத்த ஓட்டமும் சாவி வழியாகவும் கிளட்ச் சுவிட்ச் வழியாகவுமே போகும். எலக்ட்ரீஷியன் மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் சுவிட்சின் இரண்டு காலிலும் வைத்தார். நல்ல சுவிட்சாக இருந்தால், மிதித்துத் திருப்பும்போது மீட்டர் 0.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. மீட்டரில் நின்றதோ நான்கு வோல்ட்டுக்கும் மேல்! பேட்டரி கொடுப்பதில் மூன்றில் ஒரு பங்கை அந்தக் கட்டைவிரல் சுவிட்சே தின்றுகொண்டிருந்தது. சூடேறிய சாலினாய்டுக்கு மிச்சம் போதவில்லை. ஓம் மீட்டரில் பார்த்திருந்தால் இதே சுவிட்ச் நல்ல பிள்ளையாகத் தெரிந்திருக்கும், ஓட்டம் பாயும்போது அளந்ததால்தான் மாட்டிக்கொண்டது.

புது சுவிட்ச் மாட்டி, கூடவே ஒரு ரிலேயும் சேர்த்து ஒயரிங் செய்தார்கள், இனி அந்த சுவிட்ச் கருகாது. பழசைத் தூக்கிப் போடப் போன பட்டறைப் பையனைத் தடுத்து, "அண்ணா, அதைப் பிரிச்சுக் காட்டுங்களேன்!" என்று எலக்ட்ரீஷியனிடம் கெஞ்சினேன். ஸ்க்ரூடிரைவரை ஓரத்தில் விட்டு ஒரு நெம்பு நெம்பினார். ஸ்பிரிங் துள்ளிப் போய் பெஞ்சுக்கடியில் விழுந்தது. உள்ளே இரண்டு செம்புப் புள்ளிகள், ஒன்று நடுவில் குழிந்து, இரண்டுமே கரிபிடித்துக் கருத்து, விளிம்பில் மட்டும் ஒரு கோடு மினுங்கியது. காலையில் வண்டி எடுத்தது அந்தக் கோட்டின் தயவில். பட்டறைப் பையன்கள் இரண்டு பேர் தலையை நீட்டி, என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள். அதற்குள் வாசலில் இன்னொரு ஆட்டோமேட்டிக்கைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். எலக்ட்ரீஷியன் கையைத் துடைத்துக்கொண்டே எழுந்து போனார்.

"லிவரை என்-ல வெச்சுத் திருப்பிப் பாத்தீங்ளா? சரி, ரிவர்ஸ் லைட் எரியுதுங்ளா?"